மருத்துவம் பயில்வார்க்கு வேண்டுவன

பள்ளியிறுதி வகுப்பிற் பயிலும் மாணவரை நோக்கி, ‘எதிர்காலத்தில் யாதாக விரும்புகின்றாய்?’ என்று வினவினால், ‘மருத்துவர்’ என விடையிறுப்போர் பலராவர். அவ்விடை கேட்டுப் பெற்றோர் மகிழ்வர், உற்றார் பாராட்டுவர். ‘ஏன்?’ என்னும் அடுத்த வினாவிற்கு விடை கூறத் தயங்குவோரே மிகுதி. பெருமையுண்டு, பொருளுண்டு, ஊரார் மதிப்புண்டு என்பன போன்ற விடைகள் வரக்கூடும். அவை பொய்யான விடைகள் என்று தள்ளத்தக்கன அல்ல. ஆயினும், நாலரை ஆண்டுக் கல்வியும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டுகள் நீளும் ஒரு படிப்பை, உறக்கத்தையும் விழாக்களையும் விட்டுக்கொடுத்து ஒருவர் தளராது பயில்வதற்கு அவை போதா. உள்ளத்தினுள்ளே வேறொரு தூண்டுகோல் இருத்தல் வேண்டும்.

அத்தூண்டுகோல் எவ்வாறு பிறக்கும் என்பதற்கு ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாறு நல்ல சான்றாகும். அவர் 1870ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையிற் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. அவருடைய தந்தையார் சமயத் தொண்டராகவும் மருத்துவராகவும் தமிழகத்தில் வாழ்ந்தவர். அமெரிக்காவிற் கல்வி கற்ற மகளுக்கோ அத்தொண்டில் சிறிதும் நாட்டமில்லை. நோயுற்றிருந்த அன்னையாருக்குத் துணையாக 1890ஆம் ஆண்டில் அவர் திண்டிவனம் வந்தார். விரைவில் அமெரிக்கா திரும்பி இனிது வாழலாம் என்பதே அவர் எண்ணம்.

அங்குத் தங்கியிருந்த காலத்தில், ஓரிரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர்கள் இல்லத்திற்கு வந்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் வேறொரு குலத்து இந்து. மூவரின் இளம் மனைவியரும் மகப்பேற்று வேதனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தனர். ஐடா அம்மையார், ‘எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தையார் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்’ என்றார். ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்டிரைத் தொட்டு மருத்துவம் செய்வதை அக்கால வழக்கம் இடந்தராமையால், மூவரும் வருந்தித் திரும்பினர். பொழுது விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்துபட்டனர். ஐடா அம்மையார் பெற்றோரிடம் சென்று, தாம் மருத்துவம் பயிலப் போவதாகத் தெரிவித்தார்.

இரக்கம் கொள்ளுதல் ஓர் இரவின் செயல். அதன்பின் வந்த ஆண்டுகள் உழைப்பின் ஆண்டுகள். 1895ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த அவர், பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டில் தமிழகம் மீண்டார். எலும்புகளின் பெயர்களையும் நரம்புகளின் போக்கையும் மனங்கொள்ளும் வேலையில் இரக்கத்திற்கு நேரான பங்கு ஒன்றுமில்லை. ஆனால், ‘இதனை ஏன் கற்க வேண்டும்?’ என்று சோர்வு கேட்கும்போது விடை கூறுவது அவ்விரக்கமே.

இனி, பிறர் விருப்பத்தையே தம் விருப்பமாக ஏற்று மருத்துவம் பயிலப் புகுவோரின் நிலை யாது? உயிரினங்களின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சியால் உலகப் புகழ் எய்திய சார்லஸ் டார்வின் ஒருகாலத்தில் மருத்துவ மாணவராக இருந்தவர் என்பதைப் பலர் அறியார். அவருடைய தந்தையார் மருத்துவர், பாட்டனாரும் மருத்துவர். மகனும் அவ்வழியே வரவேண்டும் என்று விரும்பிய தந்தையார், 1825ஆம் ஆண்டில் அவரை எடின்பரோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். அப்போது டார்வினுக்கு வயது 16.

அவரிடத்தில் மருத்துவர்க்குரிய பண்பே இல்லை என்று கூறுதற்கில்லை. கல்லூரியிற் சேர்வதற்கு முன்னர்ச் சொந்த ஊரில் ஏழை நோயாளிகள் சிலரைப் பார்த்து, நோய்க்குறிகளைக் கவனமாக எழுதித் தந்தையாரிடம் படித்துக் காட்டிய இளைஞர் அவர். பிறர் நம்பிக்கையைப் பெறும் தன்மை மகனுக்கு உண்டென்று தந்தையாரும் கருதினார். எடின்பரோவிலோ நிலைமை வேறாயிற்று. அங்கு அவர் இரண்டு அறுவைகளைக் காண நேர்ந்தது. அவற்றுள் ஒன்று ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டது. குளோரோபாரம் என்னும் மயக்கமருந்து எடின்பரோவில் வழக்கத்திற்கு வந்தது 1847ஆம் ஆண்டில்; அதற்கு முன்னர், நோயாளி விழித்திருக்கும்போதே கத்தி உடலிற் பாயும். குழந்தையின் கதறலைப் பொறாத டார்வின் பாதியிலேயே வெளியேறிவிட்டார். அறுவைக்கூடத்திற்குள் மீண்டும் நுழையவேயில்லை.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு, மென்மையான உள்ளம் மருத்துவத்திற்கு ஆகாது என்று முடிவு கட்டுவோர் உண்டு. டார்வினே பிற்காலத்தில் எழுதிவைத்த வரலாறு வேறு காரணம் ஒன்றையும் காட்டுகிறது. தந்தையாரின் செல்வம் தம் வாழ்வுக்குப் போதும் என்பது அக்காலத்தில் அவருக்குத் தெரியவந்தது. அவ்வெண்ணமே கல்வியில் முயற்சியைத் தளர்த்திவிட்டது. பிணத்தை அறுத்து ஆராயும் பயிற்சியில் தம்மை எவரும் வற்புறுத்தாது விட்டமை பெருங்கேடாயிற்று என்றும், பயின்றிருந்தால் அருவருப்பு விரைவில் நீங்கியிருக்கும் என்றும் அவர் வருந்தினார். 1827ஆம் ஆண்டில் அவர் எடின்பரோவை விட்டு நீங்கினார். அவர் நீங்கியதில் இழிவொன்றுமில்லை. இயற்கை நூலறிவு அதனாற் பெற்ற ஊதியம் பெரிது. எனினும், தந்தையின் ஆசையை மட்டும் துணையாகக் கொண்டு மருத்துவக் கல்லூரியின் வாயில் வரை வருவோர் அனைவரும் டார்வினைப் போல் வேறொரு துறையிற் புகழ் பெற்றுவிடுவதில்லை. தமக்குரிய துறை எது என்பதைச் சேரும் முன்னரே எண்ணிப் பார்ப்பது நலம்.

மருத்துவக் கல்லூரியின் முதலாண்டில் மாணவர் காணும் முதல் ஆசிரியர் பேசமாட்டார். அவர் உடற்கூற்றியல் கூடத்தில் மேசைமேற் கிடத்தப்பெற்றிருப்பவர். இறந்தபின் தம் உடல் கல்விக்குப் பயன்படட்டும் என்று உயிரோடிருக்கும்போதே எழுதிக்கொடுத்தவர்களின் உடல்கள் அங்கு வருகின்றன. முதல்நாள் அக்கூடத்தில் நுழையும்போது கைகால் நடுங்காத மாணவர் சிலரே. நடுக்கம் சில நாளில் நீங்கிவிடும். நீங்காது காக்க வேண்டுவது மதிப்பு. விளையாட்டுப் பேச்சும் நகைப்பும் அக்கூடத்திற்கு ஒவ்வா. பல கல்லூரிகளில் மாணவர் அவ்வுடலின் முன் நின்று, அதனைப் போற்றிப் பயன்கொள்வதாக உறுதிமொழி கூறிய பின்னரே பாடம் தொடங்குகிறது.

முதிர்ந்த மனிதர் உடலில் உள்ள எலும்புகள் 206. ஒவ்வொன்றிலும் மேடும் பள்ளமும் துளையும் உண்டு. ஒவ்வொன்றிற்கும் பெயர் உண்டு. அவற்றோடு தசைகள், நாடிகள், நரம்புகள். அவற்றின் பின்னே உடலியங்கியல், உயிர்வேதியியல், நோயியல், மருந்தியல் என நூல்கள் அடுக்கடுக்காக வரும். பள்ளியில் முதன்மையாகத் தேறிய மாணவரும் இங்கு முதல் தேர்வில் பின்தங்குதல் உண்டு. அந்நிலையில் மனம் உடைவோர் பலர். கூர்த்த அறிவைக் காட்டிலும் இங்குக் கைகொடுப்பது நாள்தோறும் சிறிது சிறிதாகக் கற்கும் வழக்கமே. தேர்வுக்கு முந்திய வாரத்தில் ஒருசேர விழுங்கிய பாடம், தேர்வு முடிந்த மறுவாரமே மறைந்துவிடும். ஆனால், அப்பாடத்தை வேண்டிநிற்கும் நோயாளி பத்தாண்டுகள் கழித்தும் வருவார்.

கல்வியினும் அரிதாய் ஒன்றுண்டு. அது தன் கையாலும் தவறு நேரக்கூடும் என்று ஒப்பும் பணிவு. இதனை வீயன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் நிகழ்ந்த வரலாறு விளக்கும். 1840ஐ அடுத்த ஆண்டுகளில் அங்கு மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சியர் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் நிகழ்ந்த 4,010 பேறுகளில் 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,754 பேறுகளில் இறந்தோர் 105. கட்டடம் ஒன்றே, நகரம் ஒன்றே, பேணும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. நூல் பல கற்ற மாணவர் இருந்த பிரிவிலேயே சாவு மிக்கிருந்தது. முதற்பிரிவில் தங்களைச் சேர்க்க வேண்டா என்று ஏழைப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டு அழுதனர். தெருவிற் பிள்ளை பெறுதலே மேல் என்று கருதினோரும் உளர்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் அம்முதற்பிரிவிற் பணியாற்றினார். காற்றின் கேடு, நெருக்கடி, அச்சம் எனப் பலர் பல காரணம் கூறினர். அவர் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து பார்த்தார், எதுவும் பொருந்தவில்லை. 1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவருடைய நண்பரும் பேராசிரியருமான கொலெட்சுகா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி தவறி அவர் விரலிற் பட்டது. அப்புண்ணால் விளைந்த காய்ச்சலே அவர் உயிரைக் கொண்டது. இறந்த நண்பரின் உடலிற் காணப்பட்ட குறிகளும், பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலிற் காணப்பட்ட குறிகளும் ஒத்திருந்தன. செம்மல்வைசுக்கு உண்மை புலனாயிற்று. காலையில் பிணக்கூடத்தில் வேலை செய்த மாணவரும் ஆசிரியரும், அதே கைகளோடு வந்து தாய்மாரைப் பரிசோதித்து வந்தனர். மருத்துவச்சியர் பிணக்கூடத்திற்குச் செல்வதில்லை. சாவைச் சுமந்து வந்த கைகள் மாணவர் கைகளே. அவருடைய கைகளும் அவற்றுள் அடங்கும்.

அவ்வாண்டு மே மாதத்தில், ஒவ்வொருவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவிய பின்னரே பிரிவினுள் நுழைதல் வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். ஏப்ரல் மாதத்தில் 100க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூலை மாதத்தில் 100க்கு ஏறக்குறைய 1 ஆகக் குறைந்தது. 1848ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பேறுகளில் இறந்தோர் 45 பேரே. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு தோன்றாத காலம் அது. ஆதலால் செம்மல்வைசால் காரணத்தை முற்றும் விளக்கிக் காட்ட இயலவில்லை. மூத்த மருத்துவர் பலர் அவரை எள்ளினர். கற்றறிந்த தம் கைகளே கொலை செய்தன என்று ஒப்புக்கொள்ள அவர்கள் மனம் இடந்தரவில்லை. செம்மல்வைஸ் 1865ஆம் ஆண்டில் மனநோய் விடுதியொன்றில் உயிர் நீத்தார். கைகழுவுதல் எவ்வளவு சிறிய செயல்! கற்றோர் செருக்கு அதனைச் செய்யவொட்டாது தடுத்த காலத்திற் போன உயிர்கள் எண்ணில் அடங்கா.

தெரியாததைத் தெரியாது என்று கூறுதலும் இப்பணிவின் பாற்பட்டதே. பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர் ஜெர்மனி நாட்டு மாணவர். பெர்லின் நகரத்தில் மருத்துவம் பயின்றபோது கணையத்தை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்தார். ஏனைய உயிரணுக்களினின்றும் வேறுபட்ட சிறு கூட்டங்கள் ஆங்காங்குத் தீவுகள் போலக் கிடத்தலைக் கண்டார். 1869ஆம் ஆண்டில் பட்டத்திற்கென எழுதிய ஆய்வுரையில் அவற்றை உள்ளவாறே விரித்துரைத்து, அவற்றின் தொழில் யாதென்று தமக்குத் தெரியாது என்பதையும் மறையாது எழுதினார். இல்லாத விளக்கம் ஒன்றைப் புனைந்து கூறியிருப்பின் தேர்வாளர் மகிழ்ந்திருக்கவுங்கூடும். அவர் வெறுமையாக விட்ட இடத்தைப் பின்வந்தோர் நிரப்பினர். அத்தீவுகளிலிருந்து சுரக்கும் இன்சுலினை 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொரொன்டோ நகரிற் பிரித்தெடுத்தனர். அப்பணியிற் பான்டிங் என்னும் மருத்துவருக்குத் துணை நின்ற சார்லஸ் பெஸ்ட், அப்போது 22 வயது மாணவர். 1922ஆம் ஆண்டு சனவரியில், நீரிழிவால் இறக்குந் தறுவாயில் இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது; அவன் பிழைத்தான்.

இடையூறு கண்டு கலங்காமையும் மருத்துவ மாணவர்க்கு இன்றியமையாதது. 1886ஆம் ஆண்டிற் புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரியில் இடம் வேண்டியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தமையால் அவர் கல்வி தொடர்ந்தது. 1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பட்டத்தோடு அவர் ஊக்கம் ஓய்ந்துவிடவில்லை. தம் தங்கையார் புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்ட துயரம் அவர் உள்ளத்திற் பல்லாண்டு தங்கியிருந்தது. அதன் பயனாக 1954ஆம் ஆண்டில் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை தோன்றிற்று. அவருக்குப் பின் வந்த பெண்களுக்கு வழி சற்று எளிதாயிற்று. 1918ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரிற் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, மூவர் விண்ணப்பித்தாலே பெரிது என்று கூறினர் சிலர்; 151 பேர் விண்ணப்பித்தனர்.

இந்நாளில் மருத்துவக் கல்லூரியிற் சேர விழைவோர் நுழைவுத் தேர்வு எழுதுகின்றனர். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் மாணவர் பெற்ற அறிவை அத்தேர்வு அளக்கிறது. நோயாளியின் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதை இடைமறியாது கேட்கும் பொறுமையை அளக்கும் கோல் அதனிடம் இல்லை. இக்குறையை உணர்ந்தே, இந்தியாவில் 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், நோயாளியிடம் பழகும் முறையும் ஒழுக்க நெறியும் தனிப்பாடமாகச் சேர்க்கப்பட்டன. இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். இந்நான்கனுள் முதலில் வைக்கப்பட்டவர் நோயுற்றவரே.

நோயாளியின் மொழியில் நோயாளியோடு பேசுதல் எத்துணை இன்றியமையாதது என்பதை யாழ்ப்பாணத்தில் ஒருவர் செய்துகாட்டினார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவ நிலையம் அமைத்துத் தமிழ் இளைஞர்க்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேர்ந்தோர் பலர் ஊரை விட்டு அரசாங்க வேலைக்குச் சென்றுவிட்டனர்; சிற்றூர் மக்கள் முன்போலவே மருத்துவமின்றி வாடினர். ஆகவே கிறீன், தாமே தமிழ் கற்று, தமிழிலேயே பாடஞ்சொல்லத் துணிந்தார். நூல்கள் இல்லையெனின் கல்வி ஏது? மாணவரின் துணையோடு ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய பெருநூல்களைத் தமிழில் வெளியிட்டார். பகலெல்லாம் நோயாளிகளைக் கவனித்து, எஞ்சிய பொழுதில் கலைச்சொல் தேடும் வேலை மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒருங்கே அமைந்தது. அவரிடம் பயின்று வெளிவந்தோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். தமிழிற் பயின்ற மருத்துவருட் பலர் தம் ஊர்களிலேயே தங்கி மருத்துவம் செய்தனர்.

நாலரை ஆண்டுக் கல்வி முடிந்ததும் மாணவர் ஓராண்டு மருத்துவமனையிற் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றுதல் வேண்டும். கற்றவை யாவும் சோதிக்கப்படுவது அவ்வோராண்டிலேயே. இரவுப் பணியின்போது விபத்தில் அடிபட்டவர் ஒரு பக்கம் வருவார். மூச்சுத் திணறும் குழந்தையை ஏந்திய தாய் மறுபக்கம் வருவார். எவரை முதலிற் பார்ப்பது என்று நொடியில் முடிவு செய்தல் வேண்டும். முப்பது மணி நேரம் உறங்காத கண்கள் மருந்தின் அளவைப் பிழையின்றிப் படித்தல் வேண்டும். ஐயம் எழுந்தால், உறங்கும் மூத்த மருத்துவரை எழுப்புதற்கு நாணுதல் கூடாது. அவர் சினந்தாலும் நோயாளி பிழைப்பார். நெடுநேரம் காத்திருந்த உறவினர் கடுஞ்சொல் கூறுவதும் உண்டு. அச்சத்தாற் பேசும் பேச்சு அது என்று உணர்ந்தவர், தணிந்த குரலில் நிலைமையை எடுத்துரைப்பார். சில இரவுகளில் எல்லாம் செய்தும் உயிர் பிரிந்துவிடும். அச்செய்தியை வெளியே காத்திருப்போரிடம் சொல்லவேண்டியவரும் அவ்விளைஞரே. சொல்லி முடித்து, சற்று நேரம் அவர்களோடு நின்று, பின்னர்க் கை கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு அவர் செல்லுதல் வேண்டும். அவ்வோராண்டு நிறைவெய்திய பின்னரே அவர் பெயர் மருத்துவப் பதிவேட்டில் நிலையாக ஏறும்.